பேச்சுக் குளறினால் குடித்திருக்கிறார் என்று அர்த்தமா?

வார இறுதி இரவுகளில் பெங்களூருவில் போக்குவரத்து போலீசார் நிறுத்தும் ஓட்டுநர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. கன்னடத்தில் கேட்டதற்குத் தயங்கித் தயங்கி, பாதி தமிழில் பதில் சொல்வார்கள். அந்தத் தயக்கமே 'பேச்சுக் குளறுகிறது' என்று குறிப்பில் ஏறிவிடும். பரிசோதிக்கும் மருத்துவர் முதலில் அவரைத் தாய்மொழியில் பேசவைக்க வேண்டும். வாயில் குட்கா இருந்தால் துப்பச் சொல்ல வேண்டும். 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லிச் சோதிப்பதில் பயனில்லை. நிதானத்திலேயே ழகரம் வராதவர்கள் நம்மில் ஏராளம். "எப்பவும் இப்படித்தான் பேசுவாரா?" என்று கூட வந்தவரிடம் கேட்பது அதைவிட மேல்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு வைத்திருக்கும் வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அந்த அளவில் பெரும்பாலோரின் பேச்சில் காதுக்குத் தெரியும்படி எதுவும் மாறாது. ஆனால் கண்ணாடியையும் சாலையையும் ஒருசேரக் கவனிக்கும் திறன் அதற்குள் குறையத் தொடங்கியிருக்கும். தினமும் குடித்துப் பழகியவர் 150-ஐத் தாண்டியும் கணீரென்று பேசுவார். தெளிவான பேச்சை நம்பிச் சாவியைத் திருப்பிக் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து.

ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டால் வேகம் குறைவதும், 'ஸ' 'ஷ'வாகத் திரிவதும் பலரிடம் தெரியும், எல்லோரிடமும் அல்ல. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பல் தரைதட்டியபோது அதன் தலைவரின் பேச்சை ஆராய முடிந்தது, விபத்துக்கு முன்னும் பின்னுமான வானொலிப் பதிவுகள் இருந்ததால்தான். சாலையோரத்தில் அப்படி ஒப்பிட எதுவும் கிடைக்காது.

பேச்சு உண்மையிலேயே குளறினால் முதல் வேலை குளுக்கோமீட்டர். இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை வெகுவாக இறங்கினால் குளறல், வியர்வை, தடுமாற்றம், முரட்டுத்தனம் எல்லாம் வரும். பார்க்கக் குடிகாரர் போலவே இருப்பார். அடுத்து பக்கவாதமா என்று அறிய, முகம் கோணுகிறதா, ஒரு பக்கக் கை தளர்கிறதா என்று பார்க்க வேண்டும். விபத்தில் சிக்கியவர் என்றால், எவ்வளவு மது வாடை அடித்தாலும் தலைக்காயத்தைச் சந்தேகித்தே ஆக வேண்டும். 'போதை தெளியட்டும்' என்று படுக்கவைத்தவருக்குள் மூளையில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். இந்த ஒரு இடத்தில் அலட்சியத்துக்கு மன்னிப்பே கிடையாது.

வாடை, தள்ளாட்டம், குளறல், விரிந்த கண்பாவை எல்லாம் சேர்ந்தும் குற்றத்தை நிரூபிக்கப் போதாது என்று 1971-இலேயே உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலின் அளவுதான் பேச வேண்டும். கருவியில் ஊதவைக்குமுன் 15 நிமிடம் எதுவும் குடிக்காமல், வாந்தி எடுக்காமல் இருக்கிறாரா என்று கவனிக்க வேண்டும். வாயில் தங்கிய மது எண்ணைக் கூட்டிக் காட்டும். ஊதுகுழல் ஒவ்வொருவருக்கும் புதிது. ரத்தம் எடுக்கும்போது ஸ்பிரிட் பஞ்சு கூடவே கூடாது. சோப்பும் தண்ணீரும் போதும். குழாயில் சோடியம் ஃபுளோரைடு இல்லையென்றால் கிருமிகள் ரத்தத்தின் சர்க்கரையைப் புளிக்கவைத்து, இல்லாத ஆல்கஹாலை உண்டாக்கிவிடும்.

கைதான 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடந்தாக வேண்டும். ரத்தத்தில் ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் இறங்கும். 45-இல் பிடிபட்டவர் 2 மணி நேரத்தில் 15-க்கு வந்துவிடலாம். அதனால் ரத்தம் எடுத்த நேரத்தை 'இரவு' என்று எழுதாமல், மணி நிமிடத்தோடு குழாயிலும் சான்றிதழிலும் எழுத வேண்டும்.