செஸ்னாவின் இடப்பக்க ஆசனம்

என் அக்காவின் மகளுக்கு 17 வயது. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறாள். சிறு வயதிலிருந்தே மூக்குக்கண்ணாடி அணிபவள். கண்ணாடி போட்டவர்கள் விமானியாக முடியாது என்று ஊரில் பலர் அவளிடம் அடித்துச் சொல்லியிருந்தார்கள். அது தவறு. கண்ணாடியுடன் பார்வை குறித்த தரத்தை எட்டினால் போதும் என்பதே சர்வதேச விதி. தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும், பொதுவாகக் குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பும் வேண்டும். வயது இருக்கிறது, கண்ணும் தடையில்லை என்று தெரிந்தபின் அவளைப் பிடித்து நிறுத்த வீட்டில் யாராலும் முடியவில்லை. பெப்ரவரியில் ஒரு பயிற்சி விமானம் மட்டக்களப்புக்கு வந்திருந்தபோது விமானியின் இடப்பக்க ஆசனத்தில் அவளே அமர்ந்து, பயிற்றுநருடன் ஓட்டிப் பார்க்கும் அறிமுகப் பறப்புக்கு ஏற்பாடாயிற்று. பின்னாசனத்தில் ஒருவர் ஏறலாம் என்றார்கள். தாய்மாமன் என்ற உரிமையில் நான் ஏறினேன்.

எங்கள் விமான நிலையம் 1958இல் திறக்கப்பட்டு, 1983இல் விமானப்படையின் கைக்குப் போய், 2018இல்தான் உள்நாட்டு விமான நிலையமாகப் புதுப்பிக்கப்பட்டுத் திறந்துவைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த என் போன்றவர்களுக்கு வானில் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழியைத் தேடித்தான் பழக்கம். அவள் அண்ணாந்து பார்த்து வளர்ந்தவள்.

வந்திருந்தது செஸ்னா 172. நான்கு ஆசனங்கள், மேலே இறக்கை, முன்னால் ஒற்றை இயந்திரம். ஏறுவதற்கு முன் பயிற்றுநர் மூவரின் எடையையும் கேட்டு எழுதிக்கொண்டார். என் எடையைச் சொன்னதும் ஒரு கணம் பேனாவை நிறுத்தி, பையைக் கீழேயே வைத்துவிட்டு வரும்படி மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொண்டார். பின்புறம் பாரம் கூடினால் விமானத்தின் ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகர்ந்து, அதைக் கட்டுப்படுத்துவது கடினமாகும் என்று அவர் விளக்கியபோது மருமகள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அன்று அவள் செய்த முதல் வேலை ஓட்டுவதல்ல, சோதிப்பது. இறக்கைக்கு அடியிலுள்ள சிறு வால்வை அழுத்தி, ஒளி ஊடுருவும் சிறு குவளையில் எரிபொருளைப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பார்த்தாள். இளநீலமாகத் தெளிந்திருந்தது. தண்ணீர் இருந்தால் அது கனமாகையால் எரிபொருளுக்கு அடியில் நிறமற்றுப் பிரிந்து நிற்கும். தாங்கியில் வெறுமையாக உள்ள இடத்துக் காற்றின் ஈரம் இரவுக் குளிரில் படிந்து நீராகிவிடுமாம். வாவிக் காற்றில் இரவு முழுக்க நின்ற விமானத்துக்கு இது வெறும் சம்பிரதாயம் அல்ல.

தரையில் விமானத்தைத் திருப்புவது கைகளால் அல்ல, கால்களால். முன்னாலிருக்கும் பிடி கார் ஸ்டியரிங் போலத் தோன்றினாலும் தரையில் அதைச் சுழற்றிப் பயனில்லை. காலடியிலுள்ள இரண்டு மிதிகளே முன்சில்லைத் திருப்புகின்றன. ஸ்கூட்டி ஓட்டிப் பழகிய பிள்ளைக்கு இது சற்றும் பிடிபடவில்லை. ஓடுபாதையின் முனையை அடையும்வரை நடுக்கோட்டின் இருபுறமும் மாறி மாறிப் போய்வந்தோம். பயிற்றுநர் கைகளைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தார். அவரது பொறுமையை வியந்தேன்.

பெப்ரவரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். விமானம் காற்றை எதிர்த்தே எழ வேண்டும் என்பதால் நாங்கள் வாவியை நோக்கி ஓடினோம். முழு விசை கொடுத்ததும் மூக்கு இடப்பக்கம் இழுத்தது. விமானியின் இடத்திலிருந்து பார்க்கும்போது சுழல்விசிறி வலஞ்சுழியாகச் சுற்றுவதால் வரும் விளைவு இது. வலக்காலை அழுத்தித்தான் நேராக்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்டியதும் “இப்போது மெதுவாக இழுங்கள், மகள்” என்றார் பயிற்றுநர். அவள் இழுத்தாளா, விமானம் தானாக எழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தரையின் அதிர்வு சட்டென்று நின்றது.

கீழே வாவி, அதை அடுத்துப் புளியந்தீவும் கோட்டையும், பிறகு பழைய இரும்புப் பாலமும் புதிய பாலமும் அருகருகே கிடக்கும் கல்லடி, அதற்கப்பால் கடல். கரையோரமாகத் தெற்கே திரும்பினோம். காத்தான்குடியின் நெருக்கமான கூரைகளும் ஆரையம்பதியின் தென்னைகளும் கடந்தபின் மேற்கே திரும்பி வாவியைக் குறுக்கறுத்தோம். வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையிலிருந்து மேற்கேயுள்ள படுவான்கரைக்குப் போக மண்முனையில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்காகக் காத்து நின்ற காலம் எனக்கு நினைவிருக்கிறது. அந்த அகலம் மேலிருந்து பார்க்க அவ்வளவுதானா என்று தோன்றியது.

வாவியின் மேல் விமானம் அசையாமல் சென்றது. படுவான்கரை வயல்களுக்கு மேலே வந்ததும் தூக்கிப் போட்டது. அறுவடைக்கு நின்ற வயலும் காய்ந்த வரம்பும் வெயிலில் நீரைவிட விரைவாகச் சூடேறி, மேலுள்ள காற்றை எழச் செய்கின்றன. மருமகள் இரு கைகளாலும் பிடியை இறுக்கினாள். விரல் கணுக்கள் வெளுத்திருந்ததைப் பின்னாலிருந்தே கண்டேன். மூக்கு உயர்ந்தால் தாழ்த்தினாள், தாழ்ந்தால் உயர்த்தினாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆட்டம் கூடியது. “கையை எடுங்கள்” என்றார் பயிற்றுநர். அவள் நம்பாமல் அவரைப் பார்த்தாள். “முழுவதும்” என்றார். எடுத்தாள். விமானம் இரண்டு தடவை மெல்ல ஏறி இறங்கி, தன்பாட்டில் சமநிலைக்கு வந்தது. மூக்கு உயர வேகம் குறையும், வேகம் குறைய மூக்கு தானே தாழும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அதன்பின் அவள் இரண்டு விரல்களால் மட்டுமே பிடித்தாள். கருவிகளைப் பார்ப்பதையும் விட்டு, தொடுவானத்தைப் பார்த்து ஓட்டத் தொடங்கினாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

தரையிறக்கியவர் பயிற்றுநரே. அவள் கை பிடியின்மேல் சும்மா இருந்தது.

இறங்கியதும் பறப்புக் குறிப்பேட்டின் முதல் வரியில் திகதியும் விமானத்தின் பதிவெண்ணும் பறந்த நேரமும் எழுதப்பட்டன. வரும் வழியெல்லாம் அவள் பேசியது மிதிகளைப் பற்றித்தான். வாவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உயர்தரப் பரீட்சை முடிந்தபின் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப்போவது என்று அக்காவுடன் பேசி முடித்திருக்கிறேன். பயிற்சிச் செலவு இலட்சக்கணக்கில் வரும். அத்தானிடம் அந்தக் கணக்கை எடுத்துச் சொல்லும் வேலையைத் தாயும் மகளுமாக என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.