பலாப்பிடி ஒரு வழியாகக் கையில் நின்றது

பலகையின் வலது மேல் ஓரத்தில் நான் பலா மரத்தில் செதுக்கி வைத்த பிடி ஒரு வழியாகக் கையில் நின்றுவிட்டது. கால் பலகையை விட்டு விலகவில்லை, உடம்பு பக்கவாட்டில் திருகிக்கொள்ளவும் இல்லை. மன்னார்குடிப் பக்கத்து நெல் கிடங்கில் சாய்பலகை கட்டிப் பாறையேற்றம் பழகுகிற புதியவனுக்கு இது பெரிய காரியம். கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் கல்லுக்கு எங்கே போவது? தோண்டினால் வண்டலும் களியும்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. நார்த்தாமலை எட்டும் தூரம்தான். ஆனால் விஜயாலய சோழீச்சரமும் குடைவரைகளும் இருக்கும் குன்றில் வழுக்காமலிருக்கத் தூள் பூசிய கையை வைக்க எனக்கு மனம் வராது. ஆகவே 18 மி.மீ. ப்ளைவுட், பிடிகளைத் திருகி முடுக்கப் பின்புறம் டி-நட், செங்குத்திலிருந்து ஏறுகிறவன் பக்கமாக 20 பாகை சாய்வு. கட்டிய கதையைத் தனியாக எழுத வேண்டும்.

நிதானமாக எட்டிப் பிடிப்பது முன்பே கைவந்துவிட்டது. காலால் உந்தி, எட்டாத பிடியைப் பாய்ந்து பிடித்து ஏறுவதுதான் படுத்தி எடுத்தது. அதிலும் டெட்பாயின்ட் என்கிற வித்தை. உந்திய உடம்பு மேலே போய், இறங்கத் தொடங்கும் முன் ஒரு கணம் ஓய்கிறது அல்லவா, அந்தக் கணத்தில் கை பிடியில் இருக்க வேண்டும். சாரத்தில் நிற்கும் கொத்தனார், கீழிருந்து வீசும் செங்கல்லை எங்கே பிடிக்கிறார் என்று பாருங்கள். ஏறும்போது தொட்டால் விரலில் அடிக்கும், இறங்கும்போது தொட்டால் கையை இழுக்கும். வேகம் ஓய்ந்த இடத்தில் அலுங்காமல் எடுத்துவிடுவார். இங்கே செங்கல்லும் நானே, கொத்தனாரும் நானே.

கணக்குப் போட்டும் பார்த்தேன். உச்சியிலிருந்து 0.05 விநாடியில் உடம்பு சுமார் 1.2 செ.மீ. விழும், 0.1 விநாடியில் 5 செ.மீ.; 0.2 விநாடியில் 20 செ.மீ. காலும் மறுகையும் தாங்குவதால் உண்மையில் இதைவிட மெதுவாகத்தான் இறங்குவோம். ஆனாலும் போக்கு அதுதான்: சற்றே தாமதித்தால் நட்டமில்லை, இன்னும் கொஞ்சம் தாமதித்தால் விழும் வேகம் முழுவதும் விரல் தசைநாணில் வந்து இறங்கும். புதியவர்கள் நுனிவிரல் பிடிகளில் இந்த வித்தையைப் பழகக் கூடாது என்று சொல்வது இதனால்தான். உள்ளங்கை நிறையும் பிடியில் பழகுங்கள்.

சாய்பலகையில் இன்னொரு கூத்து உண்டு. மேலே போனால் மட்டும் போதாது, பலகையை நோக்கியும் போக வேண்டும். முழங்கை நீட்டி இடுப்பைத் தாழ விடுகிறேன். காலால் தள்ளும்போது இடுப்பு பலகையை நோக்கி வளைந்து ஏறுகிறது. கை இழுப்பது அதற்குப் பிறகுதான். இடுப்பு பலகைக்கு மிக அருகே வரும் நொடியில் வலது கை கிளம்புகிறது. அப்போது இடது கை இழுப்பை விடவே கூடாது. வலது கை பிடியைத் தொட்டு இறுகும் வரை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாச் சூட்சுமமும் இந்த இடது கையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. செல்பேசியில் மெதுவோட்டமாகப் படம் பிடித்த அக்கா மகள், "மாமா, இன்றைக்குத்தான் இடுப்பு முதலில் போயிருக்கிறது" என்றாள். அவள் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம்.

பிடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெங்களூரிலிருந்து வரவழைத்த பிசின் பிடிகள் உறுதியானவை, ஆனால் தோலை உரித்துவிடுகின்றன. தஞ்சாவூரில் வீணைப் பட்டறை ஒன்றில் மிஞ்சிய பலாத் துண்டுகள் கிடைத்தன. இழைப்புளி போட்டு, விளிம்பை உருட்டி, 80ஆம் எண் உப்புத்தாளோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் தேய்த்தால் வழுக்கும். வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்ற தச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன்.

ஐப்பசி ஈரத்தில் எந்தப் பிடியும் நம்மை மதிப்பதில்லை. மெக்னீசியம் கார்பனேட் தூள் இல்லாவிட்டால் பலகைப் பக்கமே போக முடியாது. அந்தத் தூளை ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்திலிருந்து 1950களில் பாறைக்குக் கொண்டுவந்த அமெரிக்கப் பாறையேறி ஜான் கில்தான், உந்தி ஏறுவதையும் ஒரு கலையாக ஆக்கியவர். பிற்பாடு கணிதப் பேராசிரியர். அந்த மனிதருக்கு நான் இரண்டு வகையில் கடன்பட்டிருக்கிறேன்.

இடப்பக்கத்துக்கு இதே போல் ஒரு பிடி செதுக்கி வைத்திருக்கிறேன், இன்னும் முடுக்கவில்லை. அதற்குள் மனம், பாறையேறுகிறவர்கள் தேடிப் போகும் ஹம்பிக்கு ரயில் பார்க்கிறது. தை பிறந்தால் சம்பா மூட்டைகள் கிடங்கில் ஏறிவிடும், பலகைக்கு முன்னால் மெத்தை விரிக்க இடம் இருக்காது. அதற்கு முன் சாய்வை 30 பாகையாக்கிவிட வேண்டும். கீல் வாங்கியாகிவிட்டது, சங்கிலிக்குத்தான் கடைக்காரர் நாளைக்கு, நாளைக்கு என்கிறார்.