எண் மட்டும் எழுதிய குழாய்

லேபில் சேர்ந்த புதிதில் என் வேலை, ஐஸ் பெட்டியோடு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்துக் கிடப்பது. மார்பகப் புற்றுக்கட்டியை வெட்டி எடுத்ததும், பயாப்ஸி பரிசோதனைக்கு வேண்டியது போக மிச்சத்தில் புளியங்கொட்டை அளவு எங்களுக்குத் தருவார்கள். முந்தின நாளே நோயாளியிடம் விளக்கிச் சொல்லிச் சம்மதக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அதையும் என் தலையில் கட்டியிருந்தார்கள்.

ஒரு அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்: "அதை வச்சு என்னம்மா பண்ணுவீங்க?"

"கட்டியில எந்தச் செல்லு மத்த இடத்துக்குப் பரவுதுன்னு தேடுறோம்மா."

"ஒரே கட்டிதானே? அதுல இது வேற, அது வேறன்னு இருக்குமா?"

சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். இந்தத் துறையே முட்டி மோதிக்கொண்டிருக்கும் கேள்வியை அவர் ஒரு வரியில் கேட்டுவிட்டார்.

'இருக்கும்' என்று முதலில் காட்டியது ரத்தப் புற்றில். மார்பகப் புற்றில் அதைச் சொன்னது 2003-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அல்-ஹாஜ், மைக்கேல் கிளார்க், மேக்ஸ் விச்சா ஆகியோரின் குழு. நோயாளிகளின் கட்டியிலிருந்து செல்களைப் பிரித்து, எதிர்ப்பு சக்தி இல்லாத எலிகளுக்குள் செலுத்தினார்கள். செல்லின் மேல்பரப்பில் சிடி44 என்ற புரதம் நிறையவும், சிடி24 என்ற புரதம் குறைவாகவும் உள்ள செல்கள் நூறு போதும், எலிக்குக் கட்டி வந்தது. மற்ற செல்களைப் பல்லாயிரக்கணக்கில் போட்டும் வரவில்லை. அப்படி வந்த கட்டிக்குள் பழையபடி எல்லா வகைச் செல்களும் இருந்தன. தன்னையும் பெருக்கிக்கொண்டு மற்றவற்றையும் உண்டாக்கியதால் அதற்குப் புற்றுநோய் ஸ்டெம் செல் என்று பெயர்.

படிக்கும்போது கடத்தல்காரனை அடையாள அட்டையோடு பிடித்த மாதிரி இருக்கும். வேலை செய்து பார்த்தால்தான் தெரியும் சங்கதி. கட்டியைப் பிளேடால் கொத்தி, நொதியில் ஊறவைத்து, தனித்தனிச் செல்லாக்கி, அந்தப் புரதங்களில் ஒட்டும் ஒளிரும் சாயம் ஏற்றி, செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளிர்வை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் விட வேண்டும். திரையில் செல்கள் புள்ளிகளாகக் கொட்டும். எது 'நிறைய', எது 'குறைவு' என்று கோடு போடுவது மவுஸ் பிடித்த நம் கைதான். சாயம் ஏற்றாத செல்களை வைத்துத்தான் அந்தக் கோட்டை முடிவு செய்கிறோம். ஆனாலும் கோட்டை இம்மி நகர்த்தினால் சதவீதம் மாறிவிடும். முதல் நாள் அதைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அடுத்தது உருண்டை வளர்ப்பது. ஒட்டாத பிளேட்டில், சீரம் இல்லாத திரவத்தில் செல்களை விட்டால் பெரும்பாலானவை செத்துப்போகும். ஸ்டெம் செல் குணம் உள்ளது மட்டும் தனியாளாக நின்று பெருகி உருண்டையாகும். ஒரு வாரம் கழித்து என் பிளேட்டில் குழிக்குக் குழி குண்டு உருண்டைகள். லேப் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினேன். சீனியர் அண்ணன் மட்டும், "எத்தனை செல் போட்ட?" என்று கேட்டார். சொன்னேன். "நெருக்கிப் போட்டிருக்க. ராத்திரி போய்ப் பாரு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டும்" என்றார். புதுப் பிளேட் வைத்து இரவு பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். செல்கள் நகர்ந்து நகர்ந்து சந்தைக் கூட்டம் மாதிரி கூடிக்கொண்டிருந்தன. ஒரு செல் கூடப் பெருகியிருக்கவில்லை. மூன்று மாதக் கணக்கைக் கிழித்துப் போட்டேன்.

அதைவிடப் பெரிய அடி அப்புறம் வந்தது. சிடி44 நிறைந்த செல்களைத் தனியாகவும், மற்றதைத் தனியாகவும் பிரித்து வளர்த்தோம். சில வாரம் கழித்து மறுபடி கருவியில் ஓட்டிப் பார்த்தால், ஸ்டெம் செல் இல்லை என்று ஒதுக்கிய குடுவையிலும் சிடி44 நிறைந்த செல்களின் புள்ளிகள் திரையின் மூலையில் எட்டிப் பார்த்தன. நான்தான் கலப்படம் செய்துவிட்டேன் என்று இரண்டு நாள் தூக்கம் இல்லை. பிறகுதான் பழைய கட்டுரைகளை ஒழுங்காகப் படித்தேன். 2008-ல் செந்துறை மணியும் ராபர்ட் வைன்பெர்க்கும் (செந்துறை என்றதும் அரியலூர்ப் பக்கத்து ஊர்தான் எனக்கு நினைவுக்கு வந்தது) காட்டியது இதைத்தான்: வரிசையாக ஒட்டி நிற்கும் மார்பகச் செல்லை, பிடி தளர்ந்து நகரும் செல்லாக மாற்றினால், அதற்கு ஸ்டெம் செல் குணமும் சேர்ந்தே வருகிறது. பரவுவதற்கு வேண்டியது இந்த இரண்டும்தானே? இடத்தைவிட்டுக் கிளம்பி ரத்தத்தில் இறங்கத் தெரிய வேண்டும். போன இடத்தில் ஒற்றையாளாகக் குடும்பம் பெருக்கத் தெரிய வேண்டும். 2011-ல் வந்த ஆய்வுகள், ஸ்டெம் செல் அல்லாததும் தானாகவே அப்படி மாறும் என்றன. ஆக, நாங்கள் பிடித்தது ஆளை இல்லை, சட்டையை.

அதற்காக அந்தச் சட்டைக்கு அர்த்தமில்லை என்று சொல்ல மாட்டேன். எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேர்ந்த மார்பகப் புற்றுச் செல்களில் பெரும்பாலானவை இந்தச் சட்டையோடுதான் கிடைத்தன. கீமோவுக்குப் பிறகு சுருங்கிய கட்டியில் இவற்றின் பங்கு கூடியிருந்ததையும் கண்டிருக்கிறார்கள். வேகமாகப் பிரியும் செல்லைத்தான் பெரும்பாலான கீமோ மருந்துகள் அடிக்கும். மெதுவாகப் பிரிகிற, மருந்தை வெளியே தள்ளத் தெரிந்த செல் தப்பிவிடும். ஹார்மோன் ஏற்பி (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) உள்ள மார்பகப் புற்று பதினைந்து வருஷம் கழித்துக்கூட எலும்பில் தலைகாட்டுகிறது. அத்தனை காலம் உறங்கிய செல்லும் நாங்கள் தேடுவதும் ஒன்றுதானா என்பதில் வாதம் ஓயவில்லை.

2009-ல் சுமார் 16,000 வேதிப்பொருள்களைச் சலித்து, இந்தச் செல்களைக் குறிவைத்துக் கொல்வதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சாலினோமைசின். நாமக்கல்காரரான எங்கள் சீனியர் அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க ஊர்ல கோழித் தீவனத்துல போடுறதுடா இது!" மனிதருக்குக் கொடுக்கத்தான் அதன் நச்சுத்தன்மை இடிக்கிறது. குதிரைக்கோ கொஞ்சம் போனாலே ஆபத்து.

அந்த அம்மாவை எட்டு மாதம் கழித்து வராந்தாவில் பார்த்தேன். தலையில் முடி குட்டையாக முளைத்திருந்தது. அடையாளம் கண்டுகொண்டு, "என்னம்மா, என்னுது என்ன சொல்லுது?" என்றார். எங்களிடம் வரும் குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எது அவருடையது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அதைச் சொன்னேன். "சரி, யாருதோ ஒண்ணு சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு, ஸ்கேன் அறை எந்தப் பக்கம் என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.