என் வாய்க்குக் காவல்

சம்பா அறுவடை நேரம். நான் வேலை பார்க்கும் கொள்முதல் நிலையத்தில் நெல் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க முடியாது. ராத்திரிப் பனியில் கிடந்த நெல் எப்படித் தாண்டாமல் இருக்கும்?

நேற்று ஒரு பெரியவர், “மூணு நாளா காயப்போடுறேன் தம்பி” என்றார். அவர் முடிப்பதற்குள் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூட்டையை அவிழ்த்து நெல்லை மறுபடி பரப்பினார். என் அப்பா வயது.

தூக்கமே வரவில்லை. “மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்” (நீதிமொழிகள் 15:1). ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம்தான். ஆனால் அவரிடம் உக்கிரமே இல்லையே, என்னிடம்தானே இருந்தது! “கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும்” என்று யாக்கோபு எழுதியது எனக்காகவே எழுதியதுபோல் இருந்தது. ‘இன்றைக்கு எடுக்க முடியாது’ என்பதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை, சரி. அதை எப்படிச் சொல்வது என்பது முழுக்க என் கையில்தான்.

காலையில் போனதும் முதலில் அவரிடம்தான் மன்னிப்புக் கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஒரு பிடி நெல்லை அள்ளி நீட்டி, “இப்பப் பாருங்க தம்பி” என்றார். மீட்டர் 16.8 காட்டியது.