வேலை இங்கே, முடிவு அங்கே

பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைகளுக்காக இந்தியாவில் நடத்தும் உலகளாவிய திறன் மையங்களை, அதாவது எல்லோரும் ஜிசிசி என்று சொல்லும் அலுவலகங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வருபவை பெரும்பாலும் எண்ணிக்கைகளே. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமும் ஆலோசனை நிறுவனமான ஜின்னோவும் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி இவை 1,700க்கும் அதிகம். ஊழியர்கள் ஏறத்தாழ 19 லட்சம் பேர். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் கடை விரித்தபோது யாரும் இவ்வளவை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஓசூரில் குடியிருந்துகொண்டு பெங்களூரில் அப்படியொரு மையத்தில் நீண்ட காலமாக வேலை பார்ப்பவன் என்ற முறையில், இந்த எண்களில் தென்படாத ஒரு சிக்கலை இங்கே எழுதுகிறேன்.

பணப் பரிவர்த்தனை மென்பொருளில் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பிழை தெரிந்தது. அந்த நிரலை எழுதியதும் பல ஆண்டுகளாகப் பராமரிப்பதும் எங்கள் குழுதான். நண்பகலுக்குள் காரணத்தைக் கண்டுபிடித்து, திருத்தி, சோதித்தும் முடித்துவிட்டோம். ஆனால் திருத்தத்தை நேரலைக்கு, அதாவது மக்கள் பயன்படுத்தும் மென்பொருளுக்குக் கொண்டுபோக ஒப்புதல் தர வேண்டியவர் அமெரிக்கக் கிழக்குக் கரையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விழித்து, மின்னஞ்சல் பார்த்து, அழைப்பில் இன்னும் நான்கு பேரைச் சேர்த்து, நாங்கள் எழுதியதை எங்களையே விளக்கச் சொல்லிக் கேட்டு, சரி என்று சொல்லும்போது இங்கே இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு அலுவலகக் கார் என்னைக் கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். எல்லை தாண்டினால் தமிழ்நாட்டுப் பர்மிட் வேண்டும் என்பது ஓட்டுநரின் கவலை.

இதைக் கால வித்தியாசத்தின் குற்றம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒப்புதல் தரும் அதிகாரத்தை இங்கேயே ஒருவரிடம் கொடுத்துவிட்டால் இந்தப் பதினொரு மணி நேரம் வீணாகாது. கொடுக்காததற்குத் தலைமையகத்தின் அவநம்பிக்கை ஒரு காரணம் என்றாலும், அதைவிட ஆழமான காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

இந்த மையங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வாடிக்கையாளர் தாய் நிறுவனமே. ஆகவே ஆன செலவின் மேல் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைச் சேர்த்து அதற்கே பில் போடுகிறார்கள். அந்தச் சதவீதம் நியாயமானதா என்று வருமான வரித்துறை, ஒரே குழும நிறுவனங்கள் தங்களுக்குள் போடும் விலையைச் சரிபார்க்கும் பரிமாற்ற விலை விதிகளின்படி பார்க்கிறது. இதன் விளைவு விசித்திரமானது: மையம் சிக்கனமாக நடந்து செலவைக் குறைத்தால் அதன் வருமானமும் குறைகிறது, உலகம் முழுவதும் விற்கும் ஒரு பொருளை உருவாக்கினாலும் அதன் லாபம் இங்கே ஏறுவதில்லை. மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒப்பந்த ஆராய்ச்சி மையங்களுக்காக 2013இல் வெளியிட்ட 6ஆம் எண் சுற்றறிக்கையைப் படித்தால் இன்னும் தெளிவாகும். முக்கியப் பணிகளும் மேற்பார்வையும் வெளிநாட்டு நிறுவனத்திடம் இருக்க வேண்டும், படைப்பின் உரிமையும் அங்கேயே இருக்க வேண்டும். அப்போதுதான் இந்திய மையம் பெரிய இடர் இல்லாதது என்று கருதப்படும். இங்கிருப்பவர் பெரிய முடிவுகளை எடுக்கிறார் என்று எழுத்தில் வந்துவிட்டால், லாபத்தில் பங்கு இங்கே வரவேண்டும் என்ற கேள்வி எழும். எனவே அதிகாரத்தைப் பகிர விரும்பும் நல்ல மேலதிகாரியைக்கூட வரி ஆலோசகர்கள் தடுத்துவிடுகிறார்கள்.

ஆட்கள் நிலைப்பதில்லை என்று மனிதவளத் துறையினர் புலம்புவதை இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். சம்பளத்துக்காகப் போகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எட்டு, பத்து ஆண்டு அனுபவமுள்ளவர் தனக்கு மேலே உள்ள நாற்காலி இந்த நாட்டிலேயே இல்லை என்று தெரிந்தபின் கேரம் பலகைக்காகவும் இலவச மதிய உணவுக்காகவும் தங்கமாட்டார்.

வெளிநாட்டு அரசியலும் இப்போது சேர்ந்துகொண்டது. 2025 செப்டம்பரில் அமெரிக்கா, வெளிநாட்டுத் திறன் பணியாளர்களுக்கான எச்-1பி விசாவின் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தபோது, இனி வேலையெல்லாம் இங்கேதான் வரும் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அதே மாதத்தில் வெளிநாட்டுக்கு வேலையை அனுப்பும் நிறுவனங்கள் செலுத்தும் தொகைக்கு 25 சதவீத வரி கேட்டு அங்கே செனட்டில் ஒரு மசோதா வந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. மலிவு என்பதற்காக மட்டும் நடத்தப்படும் மையத்தைத்தான் இப்படியொரு வரி முதலில் அசைக்கும்.

ஓசூருக்கு இது தூரத்துக் கதை அல்ல. தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் இங்கே டைடல் பூங்கா அறிவிக்கப்பட்டிருக்கிறது, விமான நிலையப் பேச்சும் நடக்கிறது. பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்திலேயே இருப்பதால் மையங்கள் வரும் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் அரசு தரும் சலுகையை ஆள் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் மட்டும் வைத்து அளந்தால், ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் இன்னொரு கட்டடம்தான் நமக்குக் கிடைக்கும். எத்தனை பொருள்களின் பொறுப்பு முழுமையாக இங்கே இருக்கிறது என்பதையும் அரசு கேட்க வேண்டும்.

பர்கூர், தருமபுரி அரசு பொறியியல் கல்லூரிகளில் படித்துவிட்டு ஆலோசனை கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நேர்முகத் தேர்வின் முடிவில் உங்களுக்குக் கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்பார்களே, அப்போது, இந்தக் குழு எழுதும் நிரலை நேரலைக்குக் கொண்டுபோக இறுதி ஒப்புதல் தருபவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கச் சொல்கிறேன்.