அப்பாவின் களைப்பும் இரும்புச்சத்துப் பரிசோதனையும்

அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு என்று உறுதியாகி, பியூரோசமைட், ஸ்பைரோனோலாக்டோன் உள்ளிட்ட மருந்துகளை ஒழுங்காக எடுத்துவந்த காலத்திலும் அவருடைய களைப்பு மட்டும் குறையவில்லை. கால் வீக்கம் வடிந்துவிட்டது, மூச்சிரைப்பும் தணிந்துவிட்டது. ஆயினும் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து காலி வீதிச் சந்தைக்குப் போகும்போது இடையிடையே நின்றுதான் நடந்தார். வயதும் நோயும் சேர்ந்தால் அப்படித்தான் என்று உறவினர்கள் சொன்னார்கள்.

கிளினிக் கொப்பியில் ஈமோகுளோபின் 13.2 என்று எழுதப்பட்டிருந்தது. ஆண்களுக்கு அது 13க்குக் கீழே இறங்கினால்தான் இரத்தச்சோகை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த முறை பார்த்த டொக்டர்தான், "ஐயா, இரத்தம் குறையாமலே இரும்புச்சத்துக் குறையலாம்" என்று சொல்லி, பெரிட்டினையும் (உடலில் சேமித்த இரும்பின் அளவைக் காட்டும் புரதம்) டிரான்ஸ்பெரின் செறிவையும் (இரத்தத்தில் இரும்பைக் காவும் புரதம் எத்தனை வீதம் நிரம்பியிருக்கிறது என்ற அளவு) பார்க்கும்படி எழுதித் தந்தார்.

வெளியே தனியார் ஆய்வுகூடத்தில் எடுத்த அறிக்கையில் பெரிட்டின் 148 என்றிருந்தது. அச்சிட்டிருந்த சாதாரண அளவுக்குள் அது அடங்கியதால், தனியாகப் பார்த்திருந்தால் நிம்மதியாக மடித்து வைத்திருப்போம். ஆனால் இதயச் செயலிழப்பில் உடலுக்குள் நீடிக்கும் அழற்சி பெரிட்டினை உயர்த்திக் காட்டுவதால், இந்நோயாளர்களுக்கு 100க்குக் குறைந்தாலோ, 100க்கும் 299க்கும் இடையில் இருந்து டிரான்ஸ்பெரின் செறிவு 20 வீதத்துக்குக் கீழே இருந்தாலோ இரும்புக் குறைபாடு என்றே கொள்கிறார்கள். அப்பாவின் செறிவு 13 வீதம். நீண்டகால இதயச் செயலிழப்புள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இக்குறைபாடு உண்டு என்பது எனக்குப் புதிய செய்தி.

மாத்திரை போதாதா என்று கேட்டேன். அழற்சியால் கூடும் ஹெப்சிடின் என்ற ஹோர்மோன் குடலிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பதாகவும், 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் இரும்பு மாத்திரை உடலியக்கத் திறனைக் கூட்டவில்லை என்றும் டொக்டர் விளக்கினார். ஆகவே இரும்பை நாளம் வழியாக ஏற்றினார்கள். ஏற்றி முடிக்கக் கால் மணித்தியாலம்தான். ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க மேலும் அரை மணித்தியாலம் இருக்கச் சொன்னார்கள்.

சாப்பாட்டு விடயம்தான் இழுபறியாக இருந்தது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் நிறுத்தியதும் அப்பா சோற்றையே பாதியாக்கிவிட்டார். நிறை மாறவில்லை என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். ஆனால் தேங்கிய நீர் தசையிழப்பை மறைத்துவிடும் என்று போசாக்கு ஆலோசகர் எச்சரித்தார். (சட்டையின் தோள் தொங்கியதை அம்மா முன்பே சொல்லியிருந்தார்.) தேசிப்புளியும் மிளகும் சேர்த்த மீன், முட்டை, அவித்த பயறு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுத்தோம். இரும்பு உறிஞ்சப்படுவதைத் தேயிலை குறைக்கும் என்பதால், சோற்றோடு தேத்தண்ணீர் குடிக்கும் வழக்கம் மட்டும் பெரும் வாக்குவாதத்துக்குப் பிறகே தள்ளிப்போனது. உறவினர்கள் அன்போடு கொண்டுவந்த இளநீரையும் தவிர்க்க வேண்டியிருந்தது. இளநீரில் பொட்டாசியம் அதிகம்; அதை உடலில் தங்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்கு அது மேலும் ஏறுவது ஆபத்து.

மூன்று மாதங்களின் பின் டிரான்ஸ்பெரின் செறிவு 24 வீதமாக உயர்ந்திருந்தது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் இயக்கம் முன்போலவேதான் இருக்கிறது. ஆனால் அப்பா இப்போது சந்தை வரை நிற்காமல் நடக்கிறார். பெரிட்டினும் செறிவும் மறுபடியும் பார்ப்பதற்கான திகதி கொப்பியில் குறிக்கப்பட்டிருக்கிறது. பொட்டாசியத்தையும் சிறுநீரகச் செயற்பாட்டையும் கிளினிக்கில் தொடர்ந்து பார்க்கிறார்கள்.