ஓட்டத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம்: நீலகிரியிலிருந்து அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகும் தம்பிகளுக்கு

குன்னூர் பக்கத்துப் பையன்களுக்கு ராணுவம் தூரத்து விஷயம் கிடையாது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையமான எம்.ஆர்.சி., கொஞ்சம் தள்ளி முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ், அதைத் தாண்டினால் அருவங்காட்டில் வெடிமருந்து செய்யும் கார்டைட் ஃபேக்டரி. காலையில் ரெக்ரூட்டுகள் போடும் சத்தத்தைக் கேட்டே பள்ளிக்கூடம் போய் வந்தவர்கள் நாம். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் விடியுமுன் எழுந்து ஓடும் பையன்கள் இன்றைக்கும் நிறையப் பேர். அவர்களில் நல்ல ஓட்டக்காரர்கள் சிலர் மைதானத்தை மிதிக்காமலே வெளியேறியதைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். அக்னிவீர் என்பது நான்கு வருட ராணுவச் சேர்க்கை. அதில் நான் எழுதித் தேறியது ஜெனரல் டியூட்டி, அதாவது பொதுப் பணி வீரர் பிரிவுக்கு. அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் மாறிப்போன ஒரு விஷயம். பழைய முறையில் முதலில் ஆள்சேர்ப்புத் திரள் முகாம், ஓட்டம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்துதான் எழுத்துத் தேர்வு. 2023இலிருந்து வரிசை தலைகீழ். கணினி வழி எழுத்துத் தேர்வு முதலில். அதில் தேறியவர்களுக்கு மட்டுமே மைதானத்துக்கு அழைப்பு. எங்கள் லைனில் ஓய்வுபெற்ற ஹவில்தார் மாமா ஒருவர் இருக்கிறார். விவரத்தைச் சொன்னதும், "அப்போ காலுக்கு முன்னாடி கையி ஓடணும், அப்படித்தானடா தம்பி?" என்று கேட்டார். அவ்வளவுதான் கணக்கு. எழுத்துத் தேர்வு 100 மதிப்பெண், ஓட்டமும் பீமும் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே தூக்கும் புல்-அப்) சேர்ந்து 100 மதிப்பெண். நம் பையன்கள் ஒரு பாதிக்கு மட்டும் தினம் இரண்டு மணி நேரம் கொடுத்துவிட்டு, மறு பாதியைத் தேர்வுக்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளுகிறார்கள்.

எழுத்துத் தேர்வு ஒரு மணி நேரம், 50 கேள்விகள். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறுக்கு அரை மதிப்பெண் கழியும். பொது அறிவு, பொது அறிவியல், கணிதம், கொஞ்சம் தர்க்கத் திறன். 2025இலிருந்து தமிழிலும் எழுதலாம் என்பது நமக்குப் பெரிய வரம். விண்ணப்பத்தில் மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது கூச்சப்படாமல் தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்பு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மதிப்பெண்ணுக்கு மொழி தெரியாது.

புத்தகம் என்று காசைக் கொட்ட வேண்டாம். சமச்சீர் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அறிவியலும் கணிதமும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பத்தாம் வகுப்பு அறிவியலில் இயக்க விதிகள், ஒளியியல், வெப்பம், மின்னோட்டவியல், ஒலியியல் ஆகிய பாடங்களைப் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களோடு படியுங்கள். உயிரியலில் மனித உடலும், வைட்டமின் குறைபாட்டு நோய்களும், இரத்த ஓட்டமும். வேதியியலில் அமிலம், காரம், உலோகங்கள். கணிதத்தில் சதவீதம், விகிதம், லாப நட்டம், காலமும் வேலையும், மீ.சி.ம., மீ.பெ.வ., அளவியல். அளவியல் சூத்திரங்களை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். கூம்பும் கோளமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும்.

தெரியாத கேள்வியில் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான்கு விடைகளில் ஒன்றையாவது நிச்சயமாகத் தவறு என்று தள்ள முடிந்தால் குறித்துவிடுங்கள். கணக்குப்படி அது உங்களுக்கு லாபம்தான். ஒன்றுமே புரியாத கேள்வியில் நேரத்தை விடாதீர்கள். சராசரியாக ஒரு கேள்விக்கு 72 விநாடி. அறிவியலும் பொது அறிவும் 30 விநாடியில் முடியும், மிச்சத்தைக் கணிதத்துக்குக் கொடுங்கள்.

பொது அறிவில் ராணுவம் சார்ந்த கேள்விகள் வரும். இதில் நீலகிரிக்காரனுக்குப் பாடமே வீட்டு வாசலில் கிடக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758இல் உருவானது, இந்தியக் காலாட்படையில் மிகப் பழமையானது. ஸ்டாஃப் காலேஜ் பிரிவினைக்கு முன் குவெட்டாவில் இருந்தது, அதற்குப் பிறகுதான் வெலிங்டனுக்கு வந்தது. அதே கல்லூரிக்குத் தலைவராக இருந்த சாம் மானெக்‌ஷா 1971 போரின்போது தரைப்படைத் தளபதி. 1973இல் நாட்டின் முதல் ஃபீல்டு மார்ஷல் ஆனார். கடைசிக் காலத்தைக் குன்னூரில் கழித்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். கல்லறை ஊட்டியில் இருக்கிறது. முதல் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், 2021 டிசம்பர் 8 அன்று ஸ்டாஃப் காலேஜுக்கு வரும் வழியில் காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து உயிரிழந்தார். அன்று நெருப்புக்குப் பக்கத்தில் முதலில் ஓடியவர்கள் அந்த ஊர் மக்கள்தான். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். இப்படி நாம் நடந்த இடங்களோடு சேர்த்துப் படித்த எதுவும் தேர்வறையில் மறக்கவில்லை. இதிலிருந்து நூல் பிடித்துப் போங்கள். கரியப்பா தலைமைத் தளபதியானது 1949 ஜனவரி 15, அதனால் அது ராணுவ தினம். டிசம்பர் 4 கடற்படை தினம், அக்டோபர் 8 விமானப்படை தினம். பரம்வீர் சக்ரா பெற்றவர்களில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், அசோக சக்ரா பெற்றவர்களில் மேஜர் முகுந்த் வரதராஜன் ஆகிய நம் பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.

வீட்டில் கணினி இல்லாதவர்கள் மவுஸைப் பிடித்துப் பழகாமல் போகாதீர்கள். தேர்வு மையம் கீழே சமவெளியில்தான் விழும். முதல்நாளே இறங்கிவிடுவது நல்லது. மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு மரம் சாய்ந்தாலும் உங்கள் ஒரு வருடம் போய்விடும்.

இனி ஓட்டம். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். 15 விநாடி பிந்தினால் 48. முழு மதிப்பெண்ணுக்கு 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 82 விநாடி. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. இங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் நம் உடம்பு அதற்குப் பழகியிருக்கிறது, கீழே இறங்கும்போது மூச்சுக்கு அது உதவும். ஆனால் இரண்டு விஷயங்கள் நமக்கு எதிராக நிற்கும். ஒன்று, நாம் ஓடுவதெல்லாம் ஏற்ற இறக்கம். சமதளத்தில் ஒரே வேகத்தை நான்கு சுற்றுக்கும் பிடித்து வைக்கும் பழக்கம் வராது. வாரத்தில் இரண்டு நாளாவது ஊட்டி ஹெச்.ஏ.டி.பி. மைதானம் போலச் சமமான இடத்தில் கடிகாரத்தோடு ஓடுங்கள். இறக்கத்தில் வேகமாக ஓடாதீர்கள், முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வந்தால் ஒரு மாதம் போய்விடும். இன்னொன்று, வெயில். வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். சித்தப்பா வீடோ நண்பன் அறையோ கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ இருந்தால், முகாமுக்கு முன் பத்து நாள் அங்கே தங்கி ஓடுங்கள். என் நேரத்தைக் காப்பாற்றியது இதுதான்.

பீமில் 10 எடுத்தால் 40 மதிப்பெண், 6க்கு 16. உடம்பை ஆட்டாமல் எடுக்க வேண்டும். சில்வர் ஓக் கிளையில் தொங்கிப் பழகாதீர்கள், அது முறியும் மரம். ஒன்பது அடி பள்ளம் தாண்டுவதும், வளைந்து செல்லும் கட்டையில் நடப்பதும் தேறினால் போதும், அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. உயரம் நமக்கு 166 செ.மீ., பழங்குடியினருக்குத் தளர்வு உண்டு.

சான்றிதழ்களில்தான் நம் ஊரில் அதிகம் சிக்குகிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, சாதிச் சான்றில் வேறு எழுத்து. விண்ணப்பிக்கும் முன்பே எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஏற்ப மாற்றிவிடுங்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள் இருப்பிட, சாதிச் சான்றுகளுக்கு இ-சேவையில் மாதங்களுக்கு முன்பே போடுங்கள், தாத்தாவின் பழைய காகிதங்களைத் தேட நேரம் வேண்டும். சாதிச் சான்றில் மதம் குறிப்பிடப்படவில்லை என்றால் தனியாக மதச் சான்று கேட்பார்கள். நன்னடத்தைச் சான்று ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். என்.சி.சி. சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கும் படைவீரர் பிள்ளைகளுக்கும் கூடுதல் மதிப்பெண் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

மருத்துவத்துக்கு முன் காது அழுக்கை மருத்துவரிடம் எடுத்துவிடுங்கள். பல், நிறக் குருடு, தட்டைப் பாதம் மூன்றையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை குத்துவதாக இருந்தால் இப்போது வேண்டாம்.

நான்கு வருடம், அதற்குப் பின் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம் என்பதை வீட்டில் அப்பா அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு விண்ணப்பியுங்கள். என் அம்மா தேயிலை பறித்து வந்த கையோடு உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். சம்பளத்தில் ஒரு பகுதி பிடித்து, அதே அளவு அரசும் போட்டு, கடைசியில் மொத்தமாக வரும் என்பதை எழுதிக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் சம்மதித்தார்.

தங்கைகளும் கேட்கிறார்கள். ராணுவக் காவல் பிரிவில் பெண்களுக்கும் அக்னிவீர் சேர்க்கை உண்டு. எழுத்துத் தேர்வு முதலில் என்பது அங்கேயும் அதேதான். 1.6 கிலோமீட்டருக்கு 8 நிமிடம், நீளம் தாண்டுதல் 10 அடி, உயரம் தாண்டுதல் 3 அடி. பயிற்சி பெங்களூரில். இடங்கள் குறைவு என்பதால் அவர்களுக்கு எழுத்துத் தேர்வு மதிப்பெண் இன்னும் கூடுதலாக வேண்டும். கணிதத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.